நான்காம் குழாயும் ஐந்தாம் குழாயும்

ஒரு குடும்பத்தைக் கலைத்ததில் எனக்குப் பங்கு உண்டு. பாதி கையால் செய்தேன், பாதி வாயால் செய்தேன். இரண்டும் ஆபீஸ் நேரத்தில், உத்தியோகமாகச் செய்தவைதான். இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "நீ என்னடி பண்ணுவ, அவங்க சொன்னாங்க, நீ செஞ்ச" என்று சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாம்பரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியை வாடகைக்கு எடுத்து எங்கள் லேப் நடந்தது. காசநோய் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தேடும் ஆராய்ச்சித் திட்டம் அது. பம்மல், பல்லாவரம், மேடவாக்கம் தொடங்கி கோவளம் வரைக்கும் உள்ள சுகாதார நிலையங்களிலிருந்து தினமும் சளி டப்பாக்கள் வரும். சளியிலிருந்து கிருமியை வளர்த்து, அதன் மரபணுவைப் பிரித்து, வெட்டி, ஃபிலிமில் பதித்தால் கறுப்புக் கோடுகள் விழும். இரண்டு பேருடைய கோடுகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், இருவருக்கும் ஒரே கிருமி. இவரிடமிருந்து அவருக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அவரிடமிருந்து இவருக்கு. கிருமியின் கைரேகை என்று சொல்லிக்கொள்வோம். அந்த ஒரு வார்த்தையால் எங்கள் எல்லோருக்கும் போலீஸ்காரத் தோரணை வந்துவிட்டது.

நான் லேப் டெக்னீஷியன். என் வேலை முதல் படி. சளியில் காரக் கரைசலை ஊற்றி மற்ற கிருமிகளைக் கொல்ல வேண்டும். பிறகு அந்தக் காரம் முறிய பஃபர் என்கிற கரைசலை ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சுற்ற வேண்டும். குழாயின் அடியில் தங்குவதை எடுத்து, கிருமி வளர்வதற்கென்று முட்டை போட்டுச் செய்த பச்சை ஊடகத்தில் தடவி வைக்க வேண்டும், கல்ச்சர் என்பது அதுதான். காசநோய்க் கிருமி படு சோம்பேறி. ஆறு வாரம், எட்டு வாரம் எடுத்துக்கொள்ளும். வளர்ந்து வந்தால் உதிர்ந்த ரவை உப்புமா மாதிரி இருக்கும். அந்த வேலைக்குப் போனபிறகு நான் உப்புமா சாப்பிடுவதை விட்டுவிட்டேன்.

பஃபரை ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியான சின்ன பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும் என்பது விதி. லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அந்த வருடங்களில் ஊர் முழுக்கத் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். எங்கள் தெருவுக்குக் காலை பத்து மணி. ஜெனரேட்டர் ஃபிரிட்ஜுக்கும் இன்குபேட்டருக்கும்தான் தாங்கும், மெஷினுக்குத் தாங்காது. டப்பாக்கள் வந்து சேர எட்டரை ஆகும். பத்துக்குள் சுற்றி இறக்காவிட்டால் காரத்திலேயே ஊறி எல்லாக் கிருமியும் செத்துப்போகும், அன்றைய வேலை பாழ். அதனால் சின்ன பாட்டில் எல்லாம் ஷெல்ஃபிலேயே இருக்கும். ஒரு பெரிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, பந்தியில் சாம்பார் ஊற்றுகிற மாதிரி, இருபது குழாய்க்கும் வரிசையாக ஊற்றிக்கொண்டே போவோம். பாட்டிலின் வாய் குழாயின் வாயில் இடிக்கும். நான் மட்டும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். லேபிலேயே கை வேகம் அதிகம் எனக்குத்தான் என்று பெயர் வேறு.

எங்கள் தலைமை டாக்டர் அறையில் ஒரு பெரிய வரைபடம் இருந்தது. நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு குண்டூசி. கோடுகள் ஒத்துப்போகிறவர்களை சிவப்பு நூலால் இணைப்பார்கள். எங்கள் ஊர்க் கிருமிகளில் நிறையவற்றுக்கு ஒரே ஒரு கோடுதான் விழும். அதை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஏழு கோடுகள் விழுந்தபோது எல்லோரும் ஃபிலிமைத் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். வேறு யாருக்கும் அந்த மாதிரி விழவில்லை. பிறகு ஒரு நாள் கோவளத்தில் மீன் விற்கிற ஒரு பெண்ணுடைய ஃபிலிம் வந்தது. அதே ஏழு கோடுகள். டாக்டர் பம்மலுக்கும் கோவளத்துக்கும் நூலைக் கட்டிவிட்டு எங்களை எல்லாம் கூப்பிட்டார்.

"எங்க பம்மல், எங்க கோவளம்? பஸ்ல பக்கத்துல உட்கார்ந்து வர்ற விஷயம் இல்ல இது. க்ளோஸ் காண்டாக்ட் இருக்கு. அந்த லிங்க்கைக் கண்டுபிடிச்சா நம்ம பேப்பருக்கு அதுதான் ஹைலைட்" என்றார். பேப்பர் என்றால் ஆராய்ச்சிக் கட்டுரை.

பெண்களிடம் பெண் போய்க் கேட்டால்தான் பேசுவார்கள் என்று என்னையும் அனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரைத்துக் கரைத்துக்கொண்டிருந்தவளை விசாரணைக்கு அனுப்புகிறார்களே. ஃபீல்டு சூப்பர்வைசரும் நானுமாகக் கோவளம் போனோம்.

அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு குழந்தைகள். புருஷன் அடுத்தவர் படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். ஒரு மாதம் இருமல் நிற்கவில்லை என்று சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறாள். மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் லேபில் கல்ச்சரில் நான்கே நான்கு புள்ளி வளர்ந்தது. நான்கு புள்ளி வந்தாலும் நோய் நோய்தானே என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நர்ஸ் பார்க்க நின்று விழுங்க வேண்டும். ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கி முடித்திருந்தாள். நாங்கள் போனபோது நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்தாள். புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

"பம்மல் பக்கம் போனதுண்டாக்கா?" என்று கேட்டேன்.

"பம்மலா? அது எங்க கீது?"

"பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம். தோல் கம்பெனியெல்லாம் இருக்குமே."

"நா எதுக்கு மேடம் அங்க போறேன்? கேளம்பாக்கம் போவேன், திருப்போரூர் கோயிலுக்குப் போவேன். அவ்ளோதான்."

இல்லை என்று பதில் வந்தால் வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று படிவத்தில் போட்டிருந்தது. நானும் கேட்டேன். "அங்கேர்ந்து யாராவது இங்க வருவாங்களா? மீன் வாங்க, சும்மா பேச?"

படிவத்தில் 'சும்மா பேச' கிடையாது. அது என் வாயிலிருந்து வந்தது. அந்த நாக்கை அப்போதே இழுத்துவைத்து அறுத்திருக்கலாம்.

"யாரும் வரமாட்டாங்க மேடம்" என்றாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

சூப்பர்வைசருக்குப் பொறுமை இல்லை. "லேப்ல தெளிவா தெரிஞ்சுடுச்சும்மா. பம்மல்ல ஒருத்தருக்கு இருக்கிற அதே கிருமிதான் உங்களுக்கும். பக்கத்துல ரொம்ப நேரம் இருந்தாதான் ஒட்டும். பயப்படாம யோசிச்சுச் சொல்லுங்க."

புருஷன் தலை நிமிர்ந்தார். "ஒருத்தருன்னா, ஆம்பளயா பொம்பளயா?"

"அதை நாங்க சொல்லக்கூடாதுங்க. ரூல்ஸ்."

"அப்ப ஆம்பளதான்" என்றார் அவர். குரல் உயரவில்லை.

"யோவ், நா அந்த ஊர கண்ணால பாத்ததில்ல" என்றாள் அவள். அவர் அவளைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். பம்மல்காரருடைய பெயரை நாங்கள் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினோம். அந்த ஆள் யார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. காப்பாற்ற வேண்டிய இன்னொரு பெயர் எதிரே உட்கார்ந்திருந்தது என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

கடைசியில் படிவத்தில் அவள் கையெழுத்தை வாங்கினோம், சாட்சியாக அவருடையதையும் வாங்கினோம். ஒரு காப்பியை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. 'உங்களுக்கும் வேறொரு நபருக்கும் ஒரே கிருமி இருப்பதால் இந்தப் பேட்டி எடுக்கப்படுகிறது' என்று தெளிவான தமிழில் அச்சடித்து, திட்டத்தின் முத்திரை குத்தியது. அடியில் பேட்டி எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. அது உங்கள் உரிமை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே விளக்கிச் சொல்லி அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் மறுபடி போய்விட்டு வந்தார். "அந்தப் பொம்பள வீட்ல இல்ல மேடம். புருஷன் தொரத்திட்டான். பக்கத்துக் குப்பத்துல அம்மா வீட்ல இருக்காம். பசங்களை அவன் வச்சிக்கிட்டான். அப்ப ஏதோ இருந்திருக்கு பாருங்க" என்றார்.

நாங்கள் கேட்டதால் துரத்தினான், துரத்தியதால் நாங்கள் கேட்டது சரி. இந்தக் கணக்கு எனக்கு அப்போது கொஞ்சம்கூட உறுத்தவில்லை. "இருக்கும் சார்" என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் கட்டுரைக்காக ஓர் அட்டவணை போட வேண்டியிருந்தது. யார் யாருடைய சளி எந்தத் தேதியில் லேபுக்கு வந்தது என்று டாக்டர் கேட்டார். கைரேகைப் பிரிவில் கிருமிகளுக்குப் புது நம்பர் போட்டுவிடுவார்கள், வரைபடத்திலும் அந்தப் புது நம்பர்தான். அதனால் பழைய ரிஜிஸ்டரை அதுவரை யாரும் புரட்டியதில்லை. நான் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். பம்மல்காரர் கிடைத்தார். நான்காம் குழாய், சளியில் கிருமி கொட்டிக் கிடக்கிறது என்று மூன்று ப்ளஸ் போட்டிருந்தது. தேதியைக் குறித்துக்கொண்டு கோவளத்துப் பெண்ணைத் தேடப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வரியிலேயே இருந்தாள். ஐந்தாம் குழாய், அதே நாள். இரண்டுக்கும் நேராக என் இனிஷியல்.

அவள் இன்னொரு நாள் கொடுத்த இரண்டாவது சளியைத் தேடினேன். அதில் எதுவுமே வளரவில்லை. என் பாட்டிலின் வாய் அவருடைய குழாயில் இடித்து, ஒட்டிக்கொண்டதை அவளுடைய குழாயில் கொண்டுபோய்ச் சிந்தியிருக்கிறது. அதுதான் நான்கு புள்ளி. அவளுக்கு நோயே கிடையாது. ஏழு கோடுகள் பொய் சொல்லவில்லை. அவை என் கையைத்தான் காட்டிக் கொடுத்திருந்தன, அதைப் படிக்கத் தெரியாமல் நாங்கள் அவளைப் போய்ப் பிடித்தோம்.

ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு வரியையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை, பேப்பர் போறதுக்கு முன்னாடி பார்த்தீங்க. இல்லேன்னா மானம் போயிருக்கும்" என்றார். எழுந்துபோய் சிவப்பு நூலை அவிழ்த்து, கோவளத்துக் குண்டூசியைப் பிடுங்கி டப்பாவில் போட்டார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்வீங்க? ட்ரீட்மென்ட் முடிஞ்சாச்சு. இப்ப போய்க் குழப்பினா லீகலா பெரிய தலைவலி ஆயிடும். எழுத்துல எதுவும் வெளிய போகக்கூடாது. உங்க காண்ட்ராக்ட் வேற இந்த மாசம் ரின்யூவல், பார்த்துக்கங்க."

மிரட்டுகிற மாதிரிச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பின்னால் கட்டுரை அச்சில் வந்தபோது, ஆய்வகக் கலப்பு காரணமாக ஒரு இணை நீக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. அவள் அந்த ஒரு வரி. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர் இருந்தது.

டாக்டர் நூலை அவிழ்த்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். கேளம்பாக்கம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. கோவளம் திருப்பத்தில் வரிசையாக மீன் வைத்து உட்கார்ந்திருந்த பெண்களில் கடைசியில் இருந்தாள். எனக்கு முன்னால் வந்த ஒரு அம்மாள் அவளை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூடையில் குனிந்தாள். அவள் காசநோய்க்காரி என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இன்னா மேடம், இன்னும் இன்னா கேக்கணும்?" என்றாள்.

வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "கேக்க வரலக்கா. அன்னிக்கு நாங்க சொன்னது தப்பு. அந்தப் பம்மல்காரர் சளியும் உங்க சளியும் ஒரே நாள் என்கிட்ட வந்துச்சு. நான் ஊத்தின பாட்டில்ல அவரோடது ஒட்டி உங்க குழாயில விழுந்திருக்கு. உங்களுக்கு அந்த நோய் எப்பவுமே இல்ல."

அவள் கையிலிருந்த மீனைச் செதில் எடுத்து முடித்தாள். "அப்ப அந்த ஆளு எங்கூட இருந்ததெல்லாம் உன் பாட்டில்லதான்."

"ஆமாக்கா."

"ஆறு மாசம் முய்ங்கனேனே அந்த மாத்திர. ஒண்ணுக்குப் போனா ரத்தம் மாரி போவும். வவுத்தப் பொரட்டும். அது?"

"தேவையே இல்ல."

திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவள் கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்தாள். "வா. இத்த அங்க வந்து சொல்லு" என்றாள். விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வெளியிலேயே நின்று கூப்பிட்டாள். புருஷன் வந்தார். அவளிடம் சொன்னதையே மறுபடி ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குள் நான் கொடுத்த காப்பி, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது.

"அன்னிக்கு ரெண்டு பேரா வந்தீங்க, பேப்பர் வெச்சிகினு கேட்டீங்க. ஊர்க் கூட்டத்துல இத்ததான் காட்டனேன். படிச்சிப் பாத்துட்டுதான் பெரியவங்க பேசி முடிச்சாங்க. இப்ப நீ ஒண்டியா வந்து வாயால சொல்றே. நா நம்பறேன்னே வெச்சிக்க. அவங்களாண்ட நா இன்னாத்த காட்டறது?"

அவள் வாசலுக்கு வெளியே நின்றபடியே, "பெரிய பொண்ணோட நோட்ட எடுத்துனு வா" என்றாள். அவர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். அவள் நடுவிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"இப்ப சொன்னத அப்டியே எய்து மேடம். அதுல அடில போட்டா மாரியே இதுலயும் ஒரு கையெய்த்து போடு. வேற ஒண்ணும் வாணாம்."

அவர் காப்பியை எனக்கு நேராகப் பிடித்தார், என் கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்காக. நன்றாக, அழகாகப் போட்டிருந்தேன். முழுப் பெயரும் எழுதி, கீழே கோடு இழுத்து. என் கைப்பையில் பேனா இருந்தது. எழுதினால் ஐந்து வரி. அந்த ஐந்து வரி ஊர்க் கூட்டத்துக்குப் போகும், அங்கிருந்து யாராவது வக்கீலிடம் போகும், வக்கீலிடமிருந்து எங்கள் மாடிக்கு வரும் என்று என் மனம் அந்த நிமிஷத்தில் அத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்தது.

"நான் எழுதினா செல்லாதுக்கா. ஆபீஸ் லெட்டர்ஹெட்ல முத்திரையோட வாங்கிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள்ளேயே வைத்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீ எங்கூட வர வாணாம், மீனு அங்கயே கீது, நா போறேன்" என்றாள் என்னிடம். நான் எந்த வழியாகப் போனால் ஆட்டோ கிடைக்கும் என்று அவர்தான் கை காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. லெட்டர் கேட்டு டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. அவள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோவளத்திலிருந்து திரும்பிய மறுநாள், திங்கட்கிழமை, வழக்கம்போல எட்டரைக்கு டப்பாக்கள் வந்தன. பெரிய பாட்டிலை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சின்ன பாட்டில்களை வரிசையாக எடுத்து ஊற்றினேன். அன்றைக்கு இருபத்திரண்டு குழாய்கள். பத்து மணிக்குக் கரண்ட் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபத்திரண்டுக்கும் நேராக ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.